நாளும் நாழிகையும்



இவ்வாண்டு மலரின் பழைய மாணவியர் பகுதிக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி பள்ளியிலிருந்து கேட்டிருந்தார்கள். எதைப் பற்றி எழுதுவது என்று நாங்கள் நால்வரும் நெடுநேரம் பேசினோம். விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதலாம் என்றாள் ஒருத்தி. அதைப் பற்றி எங்களுக்கு முன்னும் பின்னும் படித்தவர்கள் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். கடைசியில், 1999ஆம் ஆண்டில் எங்கள் டிரங்குப் பெட்டிக்கு அடியில் மூன்று வாரம் ஒளிந்திருந்த ஒரு துண்டுப் பிரசுரத்தைப் பற்றி எழுதுவது என்று முடிவாயிற்று. விவிலியத்தில் உள்ள இறைவாக்குகளை எதற்காகப் படிக்க வேண்டும், எதற்காகப் படிக்கக் கூடாது என்பதை அந்தத் தாளின் வழியாகத்தான் நாங்கள் கற்கத் தொடங்கினோம். கற்று முடித்துவிட்டோம் என்று சொல்லமாட்டோம். காரணம் பின்னால் வரும்.

உண்மையில் நாங்கள் ஐவர். மேல்நிலை இரண்டாம் ஆண்டில் விடுதியின் ஒரே வரிசையில் படுத்துறங்கியவர்கள். எங்களுள் நால்வர் உள்நாட்டு ஊர்க்காரிகள். ஐந்தாமவள் குமரி மாவட்டக் கடற்கரைக்காரி. இக்கட்டுரை பெரும்பாலும் அவளைப் பற்றியது. அவள் வாசித்துப் பார்த்து, இரண்டு இடங்களில் திருத்தி, "போடுங்கடி" என்று சொன்ன பிறகே இதை அனுப்புகிறோம்.

1999ஆம் ஆண்டு எப்படிப்பட்டதென்று உங்கள் தாய்மார் சொல்வார்கள். கார்கிலில் போர் நடந்தது. ஆகஸ்டு 11ஆம் நாள் சூரிய கிரகணம் வந்தது. சில நாளில் துருக்கியில் பூகம்பம். அக்டோபர் இறுதியில் ஒரிசாவைப் பெரும்புயல் தாக்கியது. போதாக்குறைக்கு, 2000 பிறந்ததும் உலகத்துக் கணிப்பொறிகள் எல்லாம் குழம்பிவிடும் என்று நாளிதழ்கள் நாள்தோறும் எழுதின. இவற்றையெல்லாம் ஒரு நூலில் கோத்து, டிசம்பர் 31 நள்ளிரவோடு உலகம் முடிகிறது என்று அந்தத் துண்டுப் பிரசுரம் சொல்லிற்று. விடுமுறைக்குப் போய் வந்த ஒருத்தி பேருந்து நிலையத்தில் யாரோ கொடுத்ததாகக் கொண்டு வந்தாள். தானியேலிலிருந்தும் திருவெளிப்பாட்டிலிருந்தும் ஏறக்குறைய முப்பது வசனங்கள் எண்களோடு அச்சாகியிருந்தன. வசன எண்ணைப் பார்த்ததும் எங்களுக்கு வாய் அடைத்துப்போயிற்று. கணக்கு நோட்டில் சூத்திரத்தைக் கண்டால் கேள்வி கேட்காமல் நம்புகிறோம் அல்லவா, அதுபோலத்தான்.

பகலில் அதைக் கேலி செய்தோம். இரவில் விளக்கணைந்த பின் யாரும் கேலி செய்யவில்லை. அந்த வார வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற வரிசை ஆலயத்தின் பக்கவாசல் வரை நீண்டது. பங்குத்தந்தை மகிழ்ந்திருப்பார், பாவம்.

எங்கள் கடற்கரைத் தோழி மட்டும் கேலியும் செய்யவில்லை, பயந்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. படிப்பதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். இயற்பியல் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். நல்ல பாவாடை ஒன்றைச் சமையற்கட்டு அக்காவின் மகளுக்குக் கொடுத்தாள். "எழுதி என்னடி ஆகப்போகுது?" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். பனையோலைக் கடவத்தில் மீன் சுமந்து ஊர் ஊராய் விற்கும் அவளுடைய தாய், அந்த ஆண்டு விடுதிக் கட்டணத்துக்காகக் கம்மலை அடகு வைத்திருந்தார். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவேளை அந்தத் தாள் சொல்வது உண்மையாயிருந்தால் என்ற எண்ணம் எங்களையும் கட்டிப்போட்டிருந்தது.

எங்கள் விடுதிச் சிஸ்டரிடம் அந்தத் தாள் சிக்கிய கதையை விரிக்க வேண்டாம். பெட்டிச் சோதனையில் கிடைத்தது. அன்றிரவு படிப்பு மணி முடிந்ததும் எங்களை உட்காரச் சொன்னார்கள். ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தோம். அவர்களோ தாளை மேசைமேல் விரித்து, "முப்பது வசனம் போட்டிருக்கான். ஒவ்வொன்றுக்கும் முன்னால பத்து வசனம், பின்னால பத்து வசனம் வாசிங்க மக்களே. வாசிச்சிட்டுப் பயப்படுங்க" என்றார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை வரை, நாளுக்கு அரைமணி நேரமாக, அதுவே எங்கள் மறைக்கல்வி ஆயிற்று.

முதலில் கணக்கு. அந்தத் தாள், உலகம் படைக்கப்பட்டு ஆறாயிரம் ஆண்டு நிறைவதாகச் சொன்னது. அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்த ஜேம்ஸ் அஷர் என்பவர் 1650இல் வெளியிட்ட நூலில், உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டதாகக் கணக்கிட்டிருந்தார். அந்தக் கணக்கை வைத்தே கூட்டிப் பாருங்கள் என்றார்கள் சிஸ்டர். கூட்டினோம். ஆறாயிரம் ஆண்டு 1997இலேயே நிறைந்துவிட்டிருந்தது! இன்னொன்றும் சொன்னார்கள். நாம் வழங்கும் கிறிஸ்து ஆண்டு முறையை ஆறாம் நூற்றாண்டில் வகுத்த துறவி சில ஆண்டுகள் பிசகிவிட்டார். பெரிய ஏரோது மன்னன் கி.மு. 4இல் இறந்ததாகப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். இயேசு பிறந்தபோது ஏரோது உயிரோடிருந்தான். ஆகவே இயேசு பிறந்து இரண்டாயிரம் ஆண்டு நிறைந்த நாள் யாருக்கும் தெரியாமலே கடந்துபோயிருக்கும். அன்றும் நாம் காலையில் எழுந்து பல் துலக்கியிருப்போம்.

இப்படிக் கணக்கிட்டு ஏமாந்தவர்கள் எல்லாரும் மூடர்களோ வஞ்சகர்களோ அல்லர் என்பதையும் சிஸ்டர் வற்புறுத்திச் சொன்னார்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி இருந்தார். நேர்மையானவர். பல ஆண்டுகள் விவிலியத்தை வரிவரியாகப் படித்தவர். தானியேல் நூலின் எட்டாம் அதிகாரத்தில் வரும் இரண்டாயிரத்து முந்நூறு என்ற எண்ணை ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457இலிருந்து எண்ணி, 1843ஐ ஒட்டி ஆண்டவர் வருவார் என்று அறிவித்தார். பூஜ்யம் என்றொரு ஆண்டு இல்லை என்பதால் கணக்கு ஓராண்டு தள்ளிற்று. முடிவில் அவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தனர். விளைந்த பயிரை அறுக்காமல் விட்டவர்களும் உண்டு. விடிந்தது, உலகம் அப்படியே இருந்தது. வரலாற்று நூல்களில் அந்த நாளுக்குப் 'பெரும் ஏமாற்றம்' என்றே பெயர். மில்லர் தம் கணக்குத் தவறிப்போனதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஐந்தாண்டு கழித்து, ஆண்டவரின் வருகையை எதிர்நோக்கியவராகவே இறந்தார்.

அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் பத்து வசனம் வாசித்தோம். யூதரின் ஆலயத்தில் அன்றாடப் பலியை ஒரு மன்னன் நிறுத்துவதைப் பற்றிய பகுதி அது. அந்தியோக்கு எப்பிபான் என்ற கிரேக்க அரசன் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியதும், யூதா மக்கபே கி.மு. 164இல் அதைத் தூய்மைப்படுத்தியதும் நம் கத்தோலிக்க விவிலியத்தில் மக்கபேயர் நூல்களில் விரிவாகவே உள்ளன. துன்புறுத்தப்பட்ட மக்களுக்கு, இதற்கொரு முடிவு உண்டு, கடவுள் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று சொன்ன ஆறுதல் மொழியை, இரண்டாயிரம் ஆண்டு கழித்து நாட்காட்டியாக்கிவிட்டார்கள்.

திருவெளிப்பாட்டில் வரும் 666 எங்களுக்கு மிகவும் பிடித்த எண்ணாயிருந்தது. எபிரேயத்தில் எழுத்துகளே எண்களாகவும் பயன்படும். நம் தமிழில் க ஒன்று, உ இரண்டு என்று இருப்பதைப் போல. நீரோ மன்னனின் பெயரையும் பட்டத்தையும் எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வரும் என்று அறிஞர் பலர் காட்டியிருக்கிறார்கள். உரோமைப் பேரரசின் வாளுக்கு அஞ்சி வாழ்ந்த ஆசியாவின் ஏழு திருச்சபைகளுக்கு, அவர்கள் மட்டும் புரிந்துகொள்ளும்படி எழுதப்பட்ட நூல் அது. நாங்களும் விடாமல் எங்கள் கணக்கு ஆசிரியையின் பெயரைக் கூட்டிப் பார்த்தோம். 666 வரவில்லை, ஒருத்திக்கு இன்றுவரை அதில் வருத்தம்.

வேடிக்கை போகட்டும். எங்களுக்கு உண்மையில் கண் திறந்தது ஒரு சொல்லினால். பழைய வேதாகமங்களில் 'தீர்க்கதரிசி' என்றிருக்கும். நெடுந்தொலைவைக் காண்பவர் என்பது அதன் பொருள். அந்தச் சொல்லைக் கேட்டதும் வருங்காலத்தைச் சொல்பவர் என்றே மனம் எண்ணும். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் 'இறைவாக்கினர்' என்று இருக்கிறது. கடவுளின் வாக்கை எடுத்துரைப்பவர். சிஸ்டர் இரண்டு சொல்லையும் கரும்பலகையில் எழுதி, எது ஆமோசுக்குப் பொருந்தும் என்று கேட்டார்கள். ஆமோஸ் ஆடு மேய்த்தவர். ஏழையைக் காலணி விலைக்கு விற்றவர்களையும், கள்ளத் தராசு பிடித்தவர்களையும் கண்டித்தவர். நாளை நடப்பதை அவர் சொன்னது, இன்று செய்வதை நிறுத்தச் சொல்வதற்காகவே. இணைச்சட்டம் பதினெட்டாம் அதிகாரத்தில் குறிகேட்பதையும் நாள் பார்ப்பதையும் ஆண்டவர் தடை செய்கிறார். அதே அதிகாரத்தில், அடுத்த சில வரிகளிலேயே, இறைவாக்கினர் ஒருவரைத் தருவேன் என்கிறார். கிளிக்கூண்டின் முன் உட்கார்ந்து சீட்டு எடுக்கச் சொல்வதற்கும் இறைவாக்கினர் முன் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை விவிலியமே கோடு போட்டுக் காட்டியிருக்கிறது. நாம்தான் இறைவாக்கினரையும் கூண்டுக்குள் அடைத்துச் சீட்டு எடுக்கச் சொல்கிறோம்.

யோனாவின் நூலை அந்த நோக்கில் வாசித்தபோது சிரித்தும் விட்டோம். நாற்பது நாளில் நினிவே அழியும் என்று அவர் அறிவித்தார். நினிவே மனம் மாறியது, அழியவில்லை. முன்னறிவித்தது நடக்கவில்லை! சொன்னபடி நடக்கவில்லையே என்று யோனா கோபித்துக்கொண்டு ஆமணக்குச் செடியின் கீழ் உட்கார்ந்துவிட்டார். வலக்கை இடக்கை அறியாத இலட்சத்து இருபதாயிரம் பேர் பிழைத்ததைவிட, தம் வாக்குப் பலிக்காததுதான் அவருக்குப் பெரிதாயிருந்தது. சொன்னபடி நடந்துவிட்டால் எச்சரிக்கை தோற்றுவிட்டது என்று பொருள். அந்தத் துண்டுப் பிரசுரத்தை அச்சிட்டவரும் உலகம் அழியாவிட்டால் யோனாவைப்போல வருந்துவாரோ என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள்.

அப்படியானால் மெசியாவைப் பற்றிய இறைவாக்குகள்? இதை நாங்களே கேட்டோம். சிஸ்டர் எங்களை மாடிக்கு அழைத்துச் சென்றார்கள். எங்கள் விடுதி மாடியில் நின்றால் வேளிமலை தெரியும். அதற்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையும் தெரியும். மாலை வெளிச்சத்தில் இரண்டும் ஒரே மலையாக ஒட்டி நிற்கும். நடந்து போனால்தான் இடையில் எத்தனை வயல், எத்தனை ஊர் என்று தெரியும். எசாயா, ஆகாசு மன்னனுக்குப் போர்க்காலத்தில் கொடுத்த குழந்தை என்னும் அடையாளம், அக்காலத்துக்கே உரிய ஆறுதலாயிருந்தது. ஏறக்குறைய எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் மத்தேயு அதைத் திரும்பிப் பார்த்தபோது, பின்னால் நின்ற பெரிய மலை தெரிந்தது. இறைவாக்கினர் முன்மலையைக் காட்டினார்; திருச்சபை இரண்டையும் காண்கிறது. நிறைவேறிய பின் திரும்பிப் பார்த்தே நாம் பெரும்பாலும் அறிந்துகொள்கிறோம். அந்த வாக்குகள் கிறிஸ்துவுக்குப் பின்னால் எழுதிச் சேர்க்கப்பட்டவை அல்ல என்பதற்கு, 1947இல் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த எசாயா சுருளே சான்று. ஏழு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள அந்தத் தோல் சுருள், இயேசு பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்னரே எழுதப்பட்டதென்று அறிஞர் கணித்துள்ளனர்.

ஆயினும் அறிந்துவிட்டால் மட்டும் போதுமா? ஏரோது கேட்டவுடன், மெசியா பெத்லகேமில் பிறப்பார் என்று மறைநூல் அறிஞர்கள் மீக்காவை எடுத்துக்காட்டி விடை சொன்னார்கள். விடை சரி. பெத்லகேம் எருசலேமிலிருந்து இரண்டு மணி நேர நடைதான். ஒருவரும் போனதாக மத்தேயு எழுதவில்லை. வசனமே தெரியாத கீழ்த்திசை ஞானிகள்தாம் போனார்கள். மறைக்கல்வித் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்குபவர்களைப் பார்த்து சிஸ்டர் இதைச் சொன்னபோது, வாங்கியவர்கள் தலை குனிந்தோம்.

டிசம்பர் முதல் வாரத்தில் எரேமியாவுக்கு வந்தோம். எருசலேமிலிருந்து மக்களில் ஒரு பகுதியினர் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டுவிட்டார்கள். இரண்டே ஆண்டில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று அனனியா என்பவர் ஆலயத்தில் அறிவித்தார். கேட்க எவ்வளவு இனிமை! எரேமியா கூட அப்படியே ஆகட்டும் என்றுதான் முதலில் சொன்னார். பின்னரே அது பொய் என்றார். பாபிலோனில் இருந்தவர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தைச் சிஸ்டர் வாசித்தார்கள். எழுபது ஆண்டு ஆகும். ஆகவே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பயனை உண்ணுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடித்து வையுங்கள், நீங்கள் வாழும் நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்பது அதன் சாரம்.

மூன்று வாரமாக வாய் திறக்காதிருந்த எங்கள் கடற்கரைத் தோழி அப்போது கேட்டாள்: "சிஸ்டர், அவங்க தோட்டம் போட்டாங்களா?"

"போட்டிருப்பாங்க மக்களே. எழுபது வருஷம்னா, நட்டவங்க பெரும்பாலும் ஊர் திரும்பியிருக்க மாட்டாங்க. பேரப்பிள்ளைகள்தான் திரும்பியிருக்கும்."

"திரும்பமாட்டோம்னு தெரிஞ்சுமா நட்டாங்க?"

சிஸ்டர் பதில் சொல்லவில்லை. விடிகாலை நான்கரை மணிக்குப் பெட்டி திறக்கும் ஓசை கேட்டு விழித்தோம். அவள் இயற்பியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வராந்தா விளக்கின்கீழ் போய் உட்கார்ந்தாள். பின்னாளில் பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தை வாசித்தபோது எங்களுக்கு அந்த விளக்குதான் நினைவுக்கு வந்தது. ஆண்டவரின் நாள் வந்துவிட்டதென்று அங்கே சிலர் கலங்கினார்கள்; சிலர் வேலை செய்யாமல் சுற்றினார்கள். பவுல் அவர்களை அமைதியாக உழைத்துச் சாப்பிடச் சொன்னார்.

டிசம்பர் 24 இரவு, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமையில் புனிதக் கதவைத் திறந்து ஜூபிலி ஆண்டைத் தொடங்கி வைத்தார். டிசம்பர் 31 வந்து போயிற்று. கணிப்பொறிகளும் குழம்பவில்லை. மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதினோம். எங்கள் தோழி நல்ல மதிப்பெண்ணோடு தேறி, செவிலியர் படிப்பில் சேர்ந்தாள். அவள் தாயின் கம்மல் எப்போது மீட்கப்பட்டதென்று எங்களுக்குத் தெரியாது. பட்டமளிப்பு நாளன்று அணிந்திருந்தார்.

இத்தோடு நிறுத்தினால் இது நல்ல கதை. நாங்கள் தேறிய மாணவிகள். ஆனால் 2004 டிசம்பர் 26 என்று ஒரு நாள் இருந்தது.

கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்திரா அருகே கடலடியில் 9.1 அளவில் நிலம் நடுங்கி, காலையில் நம் கரைகளில் கடல் ஏறியது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்ற பெயர்களை அந்த ஆண்டில் தமிழகமே அறிந்துகொண்டது. எங்கள் தோழி நாகர்கோவிலில் மருத்துவமனைப் பணியில் இருந்தாள். அவள் தாய் பூசை கண்டு வீடு திரும்பியிருந்தார். வீடு கரைக்குப் பக்கத்தில்.

இரண்டு நாள் கழித்து நாங்கள் நால்வரும் போனோம். ஆலய வளாகத்தில் ஊரே தங்கியிருந்தது. தாயைப் பொதுக்குழியில் அடக்கம் செய்துவிட்டு அவள் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். என்ன பேசுவதென்று தெரியவில்லை. அமைதியாயிருந்திருக்கலாம். எங்களுள் ஒருத்தி, யாரென்று இங்கே எழுதவில்லை, நால்வரும் அதே எண்ணத்தோடுதான் போனோம், லூக்கா இருபத்தோராம் அதிகாரத்தைச் சொன்னாள். கடல் கொந்தளிப்பையும் மக்கள் கலங்குவதையும் ஆண்டவர் முன்பே சொல்லியிருக்கிறார், ஆகவே எல்லாம் அவர் அறிந்தே நடக்கிறது என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

தோழி தலை நிமிர்ந்து கேட்டாள்: "அப்போ எனக்க அம்மா எந்த வசனத்துல இருக்கா?"

இதை எழுதும்போதும் எங்களுக்குக் கை கூசுகிறது. ஐந்தாண்டுக்கு முன் அந்தத் துண்டுப் பிரசுரக்காரர் செய்ததையே நாங்களும் செய்திருந்தோம். அவர் பயமுறுத்தச் செய்தார், நாங்கள் அன்பினால் செய்தோம். கேட்டவளுக்கு என்ன வேறுபாடு? அன்று பிற்பகலே வெளியூர்க்காரர் இருவர் வந்து, இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை, வேதத்தில் உள்ளது என்று தாள் கொடுத்தனர். ஒரு முதியவர் வாங்கி, வாசித்து, நான்காக மடித்து, அடுப்பில் வைத்தார். எங்களுக்கு அவர்கள்மேல் கோபப்படக்கூட முகம் இல்லை.

எங்கள் பழைய விடுதிச் சிஸ்டரும் அன்று வந்திருந்தார்கள். தோழியின் அருகே தரையில் அமர்ந்து, "அம்மா கிறிஸ்துமசுக்கு என்ன செஞ்சாங்க மக்களே?" என்று கேட்டார்கள். முந்திரிக்கொத்து என்றாள். எத்தனை, யார் யாருக்குக் கொடுத்தார்கள், எந்தப் பாத்திரத்தில் வைத்திருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் சொல்லச் சொல்ல அழுதாள். விவிலியம் சிஸ்டரின் பைக்குள்ளேயே இருந்தது.

திரும்பும் பேருந்தில்தான் எங்களிடம் லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தைச் சொன்னார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொல்கிறார். ஏன் விழுந்தது என்பதற்கு அவர் விளக்கம் தரவில்லை. பிழைத்திருப்பவர்களைப் பார்த்து, நீங்கள் மனம் மாறுங்கள் என்கிறார். இறந்தவர்களை விளக்க இறைவாக்கை எடுத்தால் அது கல்லாகிவிடும். உயிரோடிருக்கிற நம்மை நோக்கி எடுத்தால்தான் அது வாக்கு என்றார்கள். நாளும் நாழிகையும் மகனுக்கும் தெரியாது, தந்தைக்கே தெரியும் என்று மாற்கு எழுதியிருப்பதை அன்று வேறுவிதமாகக் கேட்டோம். அதுவரை நாள்காட்டிக்காரர்களுக்கு எதிரான வசனமாகவே அதைப் பயன்படுத்தி வந்தோம். மகனே அறியேன் என்று சொன்ன இடத்தில், நாங்கள் தூணருகில் நின்று அறிந்தவர்கள்போல் பேசியிருந்தோம்.

சிலருக்கு இது குறையாகப் படலாம். ஆழிப்பேரலையைக்கூட முன்னறிவிக்காத வேதம் எதற்கு என்று ஒரு கல்லூரி மாணவன் எங்களிடம் கேட்டதுண்டு. சுமத்திராவிலிருந்து அலை நம் கரையை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று எச்சரிக்க ஏற்பாடு இருந்திருந்தால் எங்கள் தோழியின் தாய் நடந்தே தப்பியிருப்பார். 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. அந்த வேலை அறிவியலுக்கு உரியது. அதைச் செய்கிறவர்களுக்காக நாம் மன்றாடலாம், உங்களில் சிலர் அங்கே வேலைக்கும் போகலாம். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறை வெளிப்பாட்டைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், மறைநூலாசிரியர் எந்த இலக்கிய வகையில், எந்தச் சூழலில், எதைச் சொல்லக் கருதினார் என்று ஆராய வேண்டும் எனக் கேட்டுக்கொண்டது. முன்னால் பத்து, பின்னால் பத்து என்று சிஸ்டர் எங்களுக்குச் சொன்னதும் அதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டோம்.

சிஸ்டர் இப்போது இறைவனடியில் இருக்கிறார்கள். எங்களுள் இருவர் எங்கள் பங்குகளில் ஞாயிறு மறைக்கல்வி நடத்துகிறோம். திருவெளிப்பாடு என்றதும் பிள்ளைகள் 666 என்று கத்துகிறார்கள். கூட்டிப் பார்க்க விடுகிறோம். இப்போது துண்டுப் பிரசுரம் கைப்பேசியில் வருகிறது. 2012இல் ஒன்று வந்தது, 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் பல வந்தன. பெற்றோர்களே அனுப்புகிறார்கள். (கோபித்துக்கொள்ளாதீர்கள், நாங்களும் பெற்றோர்தாம்.)

எங்கள் தோழிக்குக் கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, மறுவாழ்வுக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. குடிபோன வாரமே கொல்லையில் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றினாள். உப்புக்காற்றில் வருமா என்று கேட்டோம். நன்றாகவே வந்தது, எங்கள் நால்வர் வீட்டுக்கும் பல ஆண்டு காய் வந்துகொண்டிருந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரியை அடித்தபோது அந்த மரம் வேரோடு சாய்ந்தது. கடலுக்குப் போன பலர் திரும்பாத நாள்கள் அவை. மரத்தைப் பற்றிக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அடுத்த மாதம், கிறிஸ்துமசுக்கு முந்தின நாள், அவளைப் பார்க்கப் போனோம். முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தாள். கொல்லையில், சாய்ந்த மரத்திலிருந்தே வெட்டிய கொம்பு ஒன்று, சாணி உருண்டை வைத்து ஊன்றப்பட்டிருந்தது.

"தண்ணி ஊத்திட்டுப் போங்கடி" என்றாள்.